கங்காரு தீவில் கப்பல் கரைக்கு வராது: பெனஷா துறையில் ஒரு நாள்

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவுக்கு க்ரூஸ் கப்பலில் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே கப்பல் கரைக்கு வராது என்பதுதான். பெனஷா என்ற சின்ன ஊருக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் என்று சொல்கிற படகுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை ஏற்றிக் கரையில் விடுவார்கள். திரும்புவதும் அதே படகில்தான். பயண அட்டவணையில் "கங்காரு தீவு, காலை 8 முதல் மாலை 5 வரை" என்று ஒரே வரி போட்டிருக்கும். அந்த ஒன்பது மணி நேரமும் கையில் இருக்கிறது என்று நம்பித்தான் எல்லோரும் திட்டம் போடுகிறோம். எனக்குத் தீவில் சுற்றக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. கட்டிய பணம் போனது, உடம்பு படுத்தியது, சாயங்காலம் துறையில் நின்றபோது கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வேறு. தனியாகப் போனவள் என்பதால் "இப்ப என்ன பண்ணலாம்" என்று கேட்கக்கூடப் பக்கத்தில் ஆளில்லை. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். என் கணவருக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகள் அவரவர் வேலையில். எனக்கோ கடற்சிங்கங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆஸ்திரேலியக் கடற்சிங்கம் உலகத்திலேயே தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா என்ற இரண்டு மாநிலங்களின் கரைகளில் மட்டும்தான் வாழ்கிறது. அருகிவரும் இனம் என்று 2020-இல் அரசே பட்டியலில் சேர்த்தது. கங்காரு தீவின் தென்கரையில் உள்ள சீல் பே என்ற கடற்கரையில், வழிகாட்டியோடு மணலில் நடந்து அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அங்கே மிருகக்காட்சிசாலை மாதிரி வேலி கிடையாது, தீனி போடுவதும் கிடையாது. மெல்பர்னிலிருந்து புறப்படும் ஒரு சின்ன க்ரூஸில் அந்தத் தீவும் ஒரு நிறுத்தம் என்று பார்த்ததும் பதிவு செய்துவிட்டேன். தனியாகப் போகிறவர்கள் இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கேபின் கட்டணம் இரண்டு பேர் தங்குவதாக வைத்துத்தான் போடப்படுகிறது. ஒரே ஆள் தங்கினால் அந்த இன்னொருவருக்கான பணத்தையும் பெரும்பாலும் நம்மிடமே வாங்கிவிடுவார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை தலைக்கு இவ்வளவு என்பது. நான் கட்டியது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்து, சுற்றுலாப் பதிவு. கப்பல் நிறுவனமே சீல் பேக்கு ஒரு பேருந்துச் சுற்றுலா வைத்திருந்தது, ஆனால் நான் கேபின் வாங்கும்போதே அதில் இடம் தீர்ந்துவிட்டிருந்தது. தீவில் வேன் வைத்து நடத்தும் ஒருவரிடம் 165 டாலர் கட்டி இடம் பிடித்தேன். காலை 9:30-க்குத் துறையில் வேன் நிற்கும் என்றார்கள். கப்பல் பயணிகளுக்கென்றே நடத்துவதாகவும், கப்பல் தீவுக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். காற்று சரியில்லாவிட்டால் பெனஷா நிறுத்தத்தையே ரத்து செய்துவிட்டுக் கப்பல்கள் நேராகப் போய்விடுவது உண்டு என்பதால், இந்த உறுதிமொழி இருந்தால் போதும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதில் விட்டுப்போனது நடுவில் ஒரு நிலைமை: கப்பல் வந்துவிடுகிறது, நங்கூரமும் போட்டாயிற்று, டெண்டர் படகு மட்டும் தாமதம். அதற்கு யார் பொறுப்பு? வேன்காரர் கணக்கில் கப்பல் வந்துவிட்டது, அதனால் அவர் பணம் தர வேண்டியதில்லை. கப்பல் கணக்கில் அது நாமாக வெளியே ஏற்பாடு செய்துகொண்ட சுற்றுலா, அதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தனியாரிடம் பதிவு செய்தால் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: "கப்பல் வந்து, டெண்டர் தாமதமானால் என்ன செய்வீர்கள்?" எத்தனை மணி வரை காத்திருப்பார்கள், அடுத்த வண்டியில் இடம் தருவார்களா, பாதிப் பணமாவது வருமா என்று அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

நேரக் குழப்பம் ஒன்றும் உண்டு. தீவு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் மெல்பர்னைவிட அரை மணி நேரம் பின்னால். நாங்கள் போன கப்பல் கடிகாரத்தை மாற்றவில்லை, பயணம் முழுக்க மெல்பர்ன் நேரமே. ஆனால் கைபேசி கரையின் சிக்னல் கிடைத்ததும் தானாகவே தீவு நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு 4:30 என்று கப்பலில் அறிவித்தால் அது கைபேசியில் 4:00. முந்தைய நாள் இரவு அறைக்கு வந்த தாளில் இதை மூலையில் ஒரு வரியாகத்தான் போட்டிருந்தார்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் கட்டிக்கொண்டு போங்கள், அதைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

காலையில் மேல்தளத்தில் நின்று பார்த்தபோது கடல் பார்வைக்கு அமைதியாக இருந்தது. லேசான வடக்குக் காற்று. பெனஷா தீவின் வடக்குப் பக்கத்தில், ஹாக் பே என்ற குடாவில் இருக்கிறது. எதிரே சுமார் 15 கிலோமீட்டரில் பெருநிலம் தெரிகிறது. நடுவில் உள்ள கடலுக்கு பேக்ஸ்டேர்ஸ் பேசேஜ் என்று பெயர், 1802-இல் மாத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி வைத்தது. தென்மேற்குக் காற்று அடித்தால் தீவே மறைப்பாக நின்று குடா அமைதியாக இருக்கும். வடக்கிலிருந்து அடித்தால் அலை நேராகத் துறைக்குள் வரும். இது எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் துறையில் நின்றபோது உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். காலையில் தெரிந்ததெல்லாம், டெண்டர் ஏற எண் வாங்கிக்கொண்டு அரங்கில் போய் உட்கார வேண்டும் என்பது மட்டும். நான் 7 மணிக்கே போய் எண் வாங்கினேன். ஆனால் எண்ணுக்கு முன்னால் வேறு வரிசை இருக்கிறது. கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போகிறவர்கள் முதலில், அப்புறம் அடிக்கடி அவர்கள் கப்பலிலேயே பயணம் செய்து உயர்நிலை உறுப்பினர் ஆனவர்கள், அதற்கப்புறம்தான் எண் வாங்கிய பொதுமக்கள். அதுவும் தெரிந்த கணக்குதான் என்று உட்கார்ந்திருந்தால், ஒரு படகு ஏறுமேடையில் மோதிவிட்டது என்று நிறுத்தினார்கள். கப்பலைக் கொஞ்சம் திருப்பி, காற்றுக்கு மறைவான பக்கத்தில் மேடையை மாற்றிப் போட்டார்கள். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த நேரம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும், வேன்காரருக்குச் செய்தி அனுப்ப முயல்வதும், கப்பலின் இணையம் சுற்றிச் சுற்றி நிற்பதுமாகப் போனது. (கப்பல் இணையத்துக்குத் தனிப் பணம். கரையோரம் நிற்கும்போது சாதாரணக் கைபேசி சிக்னல் மேல்தளத்தில் கிடைக்கிறது, கீழே உள்ள அரங்கில் கிடைப்பதில்லை. இது தெரிந்தபோது 9:30 தாண்டிவிட்டது.) ஒரு வழியாக என் எண் வந்து, கப்பலின் அடிவயிற்றில் உள்ள கதவு வழியாக இறங்கினால், படகு ஒரு முழத்துக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாலுமிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, படகு மேலே வரும் நொடியில் "இப்போது" என்று சொல்லித் தூக்கி வைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், சேலை கட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரை அன்றைக்கு ஏற்றவே இல்லை. அவர் மகள் கதவருகே நின்று கெஞ்சியும் அவர்களால் முடியவில்லை. டெண்டர் துறைகளில் இப்படி நடக்கும் என்று பயணச்சீட்டு விற்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

துறையில் கால் வைத்தபோது தீவு நேரம் 11:20. வேன் போயிருந்தது. அழைத்துப் பேசினேன். சீல் பேயில் கடற்கரை நடைக்கு நேரம் குறித்து அனுமதிச்சீட்டு வாங்கியிருப்பதால் 10:15-க்கு மேல் காத்திருக்க முடியவில்லை, கப்பல் வந்துவிட்டதால் பணமும் திரும்பத் தர முடியாது என்றார்கள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கைபேசியை வைத்த பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். பணம் ஒரு பக்கம், இவ்வளவு தூரம் வந்தும் பார்க்காமல் போகப்போகிறேன் என்பதுதான் தாங்கவில்லை.

துறையை விட்டு வெளியே வந்தால் வாடகை வண்டி பிடித்துப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தீவின் பரப்பளவு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், அதாவது ஆறு சிங்கப்பூர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சுமார் 150 கிலோமீட்டர். மக்களோ ஐயாயிரம் பேர் அளவில்தான். பெனஷாவில் நின்றுகொண்டு சீல் பேக்குப் பேருந்து எங்கே என்று கேட்டால், அப்படி ஒன்று கிடையாது என்பார்கள். வாடகைக் கார்களெல்லாம் கப்பல் வரும் நாளுக்கு முன்பே தீர்ந்துவிடும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது துறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த உள்ளூர்த் தன்னார்வலர்கள். வயதான ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, அவரே எழுந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார். டெண்டர் தாமதத்தால் என் ஒருத்திக்கு மட்டுமா வண்டி போனது? வேறொரு சிற்றுந்தில் பதிவு செய்த சிலர் கப்பலை விட்டே இறங்கவில்லையாம், அதில் இடம் காலியாக இருந்தது. 120 டாலர் கொடுத்தால் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். யோசிக்கவே இல்லை, ஏறிவிட்டேன். கூட்டிப் பார்த்தால் 285 டாலர். உங்களுக்கும் இப்படி ஆனால் நேராக அந்த மேசைக்குப் போங்கள். எந்த வண்டியில் இடம் இருக்கிறது, எந்த ஓட்டுநர் எப்போது திரும்புவார் என்பதெல்லாம் இணையத்தில் கிடைக்காது, அவர்களிடம் கிடைக்கும்.

பெனஷாவிலிருந்து சீல் பே ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏறியதுமே நான் ஓட்டுநரிடம் கடைசிப் படகு தீவு நேரப்படி 4:00 என்று சொன்னேன். அவர் தலையாட்டி, 3:30-க்குத் துறையில் விடுவதாகச் சொல்லி, அதைத் தன் வழித்தாளிலும் எழுதிக்கொண்டார். தனியார் வண்டியில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைக்கு அவர்களே அனுப்பி வைப்பார்கள். தனியாரோடு போனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் கடைசிப் படகைக் குறிவைக்காமல், அதற்கு முந்தைய படகுக்கும் முன்னால் துறையில் நிற்பதாகத் திட்டம் போட வேண்டும்.

சீல் பேயில் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். மரப்பலகை நடைபாதையில் நாமாகவே போய் மேலிருந்து பார்த்துவிட்டு வரலாம், அது விலை குறைவு. மணலில் இறங்க வேண்டுமென்றால் வழிகாட்டி கூட வர வேண்டும். வாய்ப்பு இருந்தால் மணலுக்கே போங்கள். தென்பெருங்கடல் இரைந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கடற்பாசிக் குவியல் என்று நினைத்தது ஒன்று கழுத்தை நீட்டிக் கொட்டாவி விட்டது. அப்புறம் பார்த்தால் கரை முழுக்கப் படுத்துக் கிடக்கின்றன. பெண் கடற்சிங்கங்கள் சாம்பலும் வெண்மையுமாக, ஆண்கள் கறுத்துப் பருத்து, பிடரி மட்டும் வெளிறிப்போய். கடலுக்குள் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நீந்தி, அடியாழம் வரை முங்கி மீனும் கணவாயும் பிடித்துத் தின்றுவிட்டு வந்து, அதே அளவு நாள் கரையில் கிடந்து உறங்குமாம். அதனால்தான் அவற்றை எழுப்பக் கூடாது என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தத் தூக்கம் கெட்டால் அடுத்த வேட்டைக்குத் தெம்பு இருக்காது.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி அலையிலிருந்து ஒரு தாய் வந்தது. உடம்பெல்லாம் நனைந்து மின்ன, முன்துடுப்புகளை ஊன்றி ஊன்றி நான்கு எட்டு வைக்கும், அப்படியே சரியும், மறுபடி எழும். இடுப்புப் பக்கத்தில் பிறை வடிவில் ஒரு பெரிய தழும்பு, சுறா கடித்து ஆறியது என்றார் வழிகாட்டி. அது தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. மணல்மேட்டுப் புதர்ப் பக்கமிருந்து கன்றுக்குட்டி கத்துவது போலப் பதில் குரல் வந்தது. குட்டி உருண்டு புரண்டு ஓடி வந்தது. உடனே பால் குடிக்க விடவில்லை, தாய் முதலில் அதன் முகத்தோடு மூக்கை வைத்து நன்றாக மோந்து பார்த்தது. தன் குட்டிதான் என்று தெரிந்த பிறகுதான் பக்கவாட்டில் சாய்ந்து இடம் கொடுத்தது. குட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் பால் கொடுக்கும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 18 மாதம், அதனால் இந்த இனத்துக்கு ஆண்டில் இன்ன மாதம் என்று பிரசவ காலம் கிடையாது. குட்டிகளில் பல கொக்கிப்புழு தாக்கி இறந்துவிடுகின்றன என்றும், கடலில் வலைகளில் சிக்குவது இன்னொரு பெரிய ஆபத்து என்றும் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் அடித்துக் கொன்றதிலிருந்து இவை இன்னும் மீளவில்லை. அந்தத் தாயும் குட்டியும் கிடந்ததைப் பார்த்தபோது காலையில் அழுததெல்லாம் எங்கோ போய்விட்டது. போன பணத்துக்கு நான் வருந்துகிறேன், தீவுக்குப் போனதற்கு வருந்தவில்லை.

இதோடு ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிமார்க்கபிள் ராக்ஸ் பாறைகள், நீள்மூக்கு ஃபர் சீல்கள் படுத்திருக்கும் அட்மிரல்ஸ் ஆர்ச் எல்லாம் தீவின் மேற்குக் கோடியில். பெனஷாவிலிருந்து போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 2019-20 கோடையின் காட்டுத்தீயில் தீவின் ஏறக்குறைய பாதி எரிந்தது, அந்தப் பூங்காவின் பெரும்பகுதியும் அதில் போனது. இப்போது துளிர்த்து வருவதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஓடி ஓடிப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. குட்டிப் பெங்குவின்களும் அப்படித்தான். அவை இருட்டிய பிறகுதான் கரையேறும், அதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும். வண்டி எதுவும் கிடைக்காவிட்டால் பெனஷாவிலேயே ஹாக் பே மணலில் நடக்கலாம். 1803-இல் போதாங் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் எழுத்துப் பொறித்த பாறையின் நகல் அங்கே இருக்கிறது. கப்பல் வந்ததால் அன்றைக்கு ஊரில் சந்தையும் போட்டிருந்தார்கள், லிகூரியன் என்ற இத்தாலிய வகைத் தேனீக்களின் தேன் விற்றார்கள். அந்தத் தேனீயைக் காக்க 1885-லேயே சட்டம் போட்ட தீவு இது. வெளித்தேன் உள்ளே வரவே கூடாது. காலை உணவு மேசையில் வைத்திருக்கும் சின்னத் தேன் பொட்டலத்தைத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். பழங்களும் வேண்டாம்.

சரி, திரும்பிய கதைக்கு வருகிறேன். 3:30-க்குத் துறைக்கு வந்தபோதே வடக்குக் காற்று நன்றாக வலுத்திருந்தது, அனலாக அடித்தது. வரிசை துறையைத் தாண்டிச் சாலை வரை. நான்கு மணிக்குச் சற்று முன்னால் படகுகளை நிறுத்திவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நிழல் இல்லை, உட்கார இடம் இல்லை. கடைசிப் படகு 4:30 என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி 4:20-க்கு நிதானமாக நடந்து வந்தார்கள். படகு வழக்கம்போல ஓடியிருந்தால் அவர்கள் அன்றைக்குத் தீவில்தான்.

எனக்கு முன்னால் சிட்னியிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து வயதான தம்பதி நின்றிருந்தார்கள். ஐயாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியெல்லாம் வியர்வை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இவருக்குச் சீனி வருத்தம். மத்தியானம் வடிவாச் சாப்பிடேல்லை. மருந்தெல்லாம் கப்பலுக்குள்ள கிடக்கு" என்றார். என் பையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதை உடைத்துக் கொடுத்து, தன்னார்வலர்களிடம் ஓடிப்போய்ச் சர்க்கரை போட்ட குளிர்பானம் வாங்கி வந்தேன். அவர்கள் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கால் மணி நேரத்தில் ஐயா தெளிந்தார். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகவே இருந்தோம், அது எனக்கும் பெரிய தைரியம்.

இந்த இடத்தில்தான் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெண்டர் துறையில் இறங்கும்போது, இன்றிரவு கப்பலுக்குத் திரும்ப மாட்டோம் என்று வைத்துக்கொண்டே பையைக் கட்டுங்கள். இரண்டு நாள் மருந்து, மருந்துச் சீட்டின் படம், அடையாள அட்டை, வங்கி அட்டை, கைபேசிக்கு மின்னேற்றி, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, கடையில் வாங்கிப் பிரிக்காத தின்பண்டம், தண்ணீர். கப்பலின் துறைமுக முகவர் எண் அறைக்கு வரும் தாளில் கீழே இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பெனஷாவிலிருந்து எதிரே பெருநிலத்தில் உள்ள கேப் ஜெர்விஸுக்கு ஃபெரிப் படகு உண்டு, 45 நிமிடம். அங்கிருந்து அடிலெய்டு சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் டெண்டர் ஓடாத காற்றில் ஃபெரியும் நிற்கலாம், கப்பல் நாளில் பெனஷாவில் அறை கிடைப்பதும் கடினம். துறையில் நின்றுகொண்டே நான் இரண்டு விடுதிகளை அழைத்துப் பார்த்தேன், இரண்டிலும் இடமில்லை. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் காற்று திரும்பியது. மெல்பர்ன்காரர்களுக்கு இது புதிதல்ல. அனல் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று தென்மேற்கிலிருந்து குளிர் வந்து இறங்கும். பத்து நிமிடத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். ஆனால் அந்தக் காற்றுக்குத் தீவு மறைப்பு என்பதால் குடா அடங்கியது. படகுகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. பெரியவர்களை முதலில் ஏற்றச் சொல்லிக் கேட்டோம், ஏற்றினார்கள், துணைக்கென்று என்னையும் சேர்த்து. கடைசி ஆள் வரை ஏற்றிக்கொண்டுதான் கப்பல் கிளம்பியது. நான் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. ஆனால் துறையில் நின்றபோது அதை எங்களிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை. "எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் போவோம்" என்று ஒரே ஒரு தடவை ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் அப்படித் தவித்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவு தென்மேற்குக் காற்றில் திறந்த கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் எனக்கு வாந்தி நிற்கவில்லை. கப்பல் மருத்துவர் ஊசி போட்டார், பில் 230 டாலர். ஆஸ்திரேலியக் கடலுக்குள்ளேயே போகும் கப்பலானாலும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு அங்கே பெரும்பாலும் செல்லாது. நான் க்ரூஸுக்கென்று தனியாகச் சேர்த்துத்தான் காப்பீடு எடுத்திருந்தேன். ஆனால் அதில் முதல் 250 டாலர் நம் கையிலிருந்து போக வேண்டும் என்று நிபந்தனை. பில் அதற்குக் கீழே என்பதால் ஒரு காசு வரவில்லை. காப்பீடு வாங்கும்போது இந்தக் கழிவுத் தொகையைக் குறைத்து வாங்க முடியும், கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு அது நிச்சயம் உதவும்.

ஊருக்கு வந்ததும் வேன் நிறுவனத்துக்கு எழுதினேன். டெண்டர் நிறுத்தப்பட்ட நேரத்தைப் போட்டு, கப்பலில் கொடுத்த தாளின் படத்தையும், டெண்டர் எண் சீட்டின் படத்தையும் இணைத்தேன். கோபமாக எழுதவில்லை. பணம் தர முடியாது என்றவர்கள், அடுத்த முறை தீவுக்கு வந்தால் பாதிக் கட்டணத்தில் அழைத்துப் போவதாகப் பதில் எழுதினார்கள், செல்லுபடியாகும் காலம் ஓர் ஆண்டு. கப்பல் நிறுவனத்துக்கும் எழுதினேன், வருத்தம் தெரிவித்ததோடு சரி. இப்படி எழுதுகிறவர்கள் அன்றைக்கே படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அந்தத் தாள்கள் கிடைப்பதில்லை.

கடற்சிங்கங்களைப் பார்ப்பதற்காகவே போகிறவர் என்றால் என் யோசனை க்ரூஸ் வேண்டாம் என்பதுதான். கப்பல் பயணம் பிடிக்கும், தீவு கிடைத்தால் லாபம் என்று நினைப்பவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் அடிலெய்டு வரை போய், கேப் ஜெர்விஸிலிருந்து ஃபெரியில் கடந்து, இரண்டு இரவாவது தீவில் தங்குங்கள். காரை ஃபெரியில் ஏற்றலாம். ஆனால் அடிலெய்டில் வாடகைக்கு எடுக்கும் காரைத் தீவுக்குக் கொண்டுபோகப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு எடுங்கள் அல்லது பெனஷாவில் இறங்கி அங்கேயே எடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம், சாலையெங்கும் கங்காருக்களும், வாலபி என்ற சின்னக் கங்காரு வகைகளும் குறுக்கே வரும், அந்த நேரத்து விபத்துக்குக் காப்பீடு தராத வாடகை நிறுவனங்களும் உண்டு. சீல் பே கடற்கரை நடைக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறையிலும் பெரிய கப்பல் வரும் நாட்களிலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த நாளில் கப்பல் வருகிறது என்ற அட்டவணை முன்னாலேயே வெளியாகிவிடும், அந்த நாளைத் தவிர்த்துப் பதிவு செய்தால் கடற்கரையில் கூட்டமும் குறைவாக இருக்கும்.